உங்களுக்குத் தெரியுமா? சேத்துப்பட்டிலிருந்து வெள்ளிமலை வரை

காசநோய்க்கும் எச்.ஐ.வி.க்கும் உலக நாடுகள் தரும் உதவி என்றதும் ஜெனிவா, வாஷிங்டன், ஆப்பிரிக்கா என்றுதான் பேச்சு போகும். அந்தக் கதையில் கள்ளக்குறிச்சியும் கல்வராயன் மலையும் எங்கே வருகின்றன? தேடிப் பார்த்தால், எதிர்பாராத இடங்களில் எல்லாம் வருகின்றன. இந்த முறை துணுக்குகள் அத்தனையும் அதைப் பற்றியவை.

● ஏழை நாடுகளின் காசநோய்ச் சிகிச்சையை அடியோடு மாற்றிய ஆய்வு சென்னைச் சேத்துப்பட்டில் நடந்தது. 1956-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆகிய நான்கும் சேர்ந்து அங்கே ஒரு காசநோய் மையம் தொடங்கின. நடத்த வந்தவர் பிரிட்டிஷ் மருத்துவர் வாலஸ் ஃபாக்ஸ். அவர்கள் விடை தேடிய கேள்வி எளிமையானது. நோயாளியைச் சானடோரியத்தில் சேர்த்து, ஓய்வும் நல்ல சாப்பாடும் கொடுத்தால்தான் நோய் தீருமா? நெரிசலான வீட்டில், கிடைத்ததைச் சாப்பிட்டுக்கொண்டு மாத்திரை போட்டாலே தீருமா?

சென்னையின் ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த 193 பேரை இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். மருந்து இரு பிரிவுக்கும் ஒன்றேதான். ஓராண்டு கழித்துப் பார்த்தபோது சானடோரியத்தில் இருந்தவர்களில் 92 சதவீதம் பேருக்கும் வீட்டில் இருந்தவர்களில் 86 சதவீதம் பேருக்கும் கிருமி அடங்கியிருந்தது. 1959-ல் இந்த முடிவு வெளியானது. படுக்கை கட்டப் பணம் இல்லாத நாடுகளுக்கெல்லாம் அன்றுதான் வழி திறந்தது. வெளிநாட்டு உதவி தமிழ்நாட்டுக்குள் வந்த கதைகளில், வந்ததைவிடப் பல மடங்கு உலகத்துக்குத் திரும்பிப் போனது இதில்தான் என்பேன்.

● வீட்டிலேயே வைத்துச் சிகிச்சை கொடுத்தால் மற்றவர்களுக்குத் தொற்றாதா? அதையும் சேத்துப்பட்டுக்காரர்கள் விட்டுவிடவில்லை. இரண்டு பிரிவு நோயாளிகளின் குடும்பத்தாரையும் ஐந்தாண்டு தொடர்ந்து கவனித்தார்கள். வீட்டில் சிகிச்சை பெற்றவரின் பிள்ளைக்கோ மனைவிக்கோ கூடுதல் ஆபத்து எதுவும் தெரியவில்லை. தொற்ற வேண்டியது பெரும்பாலும் சிகிச்சை தொடங்கும் முன்பே தொற்றிவிடுகிறது. மருந்து உள்ளே போகத் தொடங்கியதும் பரவல் வேகமாகக் குறைகிறது. காசநோய் வந்தவரின் தட்டையும் டம்ளரையும் தனியே ஒதுக்கும் வீடுகள் இன்றும் உண்டு. அறுபது ஆண்டுகளுக்கு முன்பே நம் ஊரிலேயே கிடைத்த விடை இன்னும் அந்த வீடுகளுக்குப் போய்ச் சேரவில்லை.

● ஐந்தாண்டுத் திட்டமாகத் தொடங்கிய அந்த மையம்தான் இன்றைய தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். அதன் இயக்குநராக இருந்த சௌம்யா சுவாமிநாதன் 2019-ல் உலக சுகாதார நிறுவனத்தின் தலைமை விஞ்ஞானி ஆனார்.

● சேத்துப்பட்டு ஆய்வு உலகம் சுற்றிய காலத்தில் கல்வராயன் மலையின் நிலை என்ன? மலை முழுவதும் மூன்று ஜாகிர்தார்களின் பிடியில் இருந்தது. சடைய கவுண்டர், குரும்ப கவுண்டர், அரிய கவுண்டர் என்ற பெயர்களில் வழிவழியாக ஆண்டார்கள். மலையாளி பழங்குடி மக்கள் கூலியில்லாமல் அவர்களுக்கு உழைக்க வேண்டியிருந்தது. 1976-ல்தான் ஜாகிர் முறை ஒழிந்து மலை அரசின் கைக்கு வந்தது. சாலை, பள்ளி, மருத்துவமனை எல்லாவற்றுக்கும் அங்கே கணக்கு அந்த ஆண்டிலிருந்துதான் தொடங்குகிறது.

● கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் உள்ள திருக்கோவிலூரில் டேனிஷ் மிஷன் மருத்துவமனை இருக்கிறது. அதே டென்மார்க்கிலிருந்து வந்த ஃப்ரிமோத் மொல்லர் குடும்பத்து மருத்துவர்கள்தான் மதனப்பள்ளிக்குப் பக்கத்தில் ஆரோக்கியவரம் காசநோய்ச் சானடோரியத்தைப் பல பத்தாண்டுகள் நடத்தினார்கள். மதனப்பள்ளி அப்போது சென்னை மாகாணத்தில் இருந்தது. தென்னிந்தியாவின் பல மிஷன்கள் பணத்தைச் சேர்த்துப் போட்டு எழுப்பிய மருத்துவமனை அது.

● பள்ளிக்கூடத்தில் காசநோய் ஸ்டாம்பு வாங்கிய நினைவு இருக்கிறதா? அந்த யோசனையும் டென்மார்க்கில் பிறந்ததுதான். 1904-ல் ஐனர் ஹோல்பல் என்ற அஞ்சல் ஊழியர், கிறிஸ்துமஸ் கடிதங்களில் ஒட்ட ஒரு சிறு வில்லை விற்று, அந்தக் காசைக் காசநோய் பிடித்த குழந்தைகளுக்குக் கொடுக்கலாம் என்றார். இந்தியக் காசநோய்ச் சங்கம் 1950-லிருந்து அதே வழியில் வில்லை விற்றுவருகிறது.

● தாம்பரம் சானடோரியம் ரயில் நிலையம் தெரியும். அந்தச் சானடோரியத்தை 1928-ல் தொடங்கியவர் டாக்டர் சௌரி முத்து. இங்கிலாந்தில் மெண்டிப் மலையில் அவர் நடத்திய சானடோரியத்தில் 1917-ல் சிகிச்சைக்குச் சேர்க்கப்பட்டவர் கணித மேதை ராமானுஜன். அவருக்குக் காசநோய் என்றுதான் அன்று நம்பினார்கள். வேறு நோயாக இருக்கலாம் என்று பின்னாளில் மருத்துவர்கள் வாதிட்டிருக்கிறார்கள். ராமானுஜன் 1920-ல் கண்மூடியது சேத்துப்பட்டில்.

● கிண்டியில் காசநோய்க்கான பி.சி.ஜி. தடுப்பூசி ஆய்வகம் 1948-ல் வந்தது. யுனிசெஃபும் உலக சுகாதார நிறுவனமும் கைகொடுத்தன. அதே ஆண்டு ஆகஸ்டில் மதனப்பள்ளியில் ஊசி போடும் இயக்கம் தொடங்கியது. எதிர்ப்பும் எழுந்தது. எதிர்த்தவர்களில் முதல் பெயர் ராஜாஜி; அவர் 1955-ல் பி.சி.ஜி.யைத் தாம் ஏன் ஏற்கவில்லை என்று ஒரு சிறு நூலே எழுதி வெளியிட்டார்.

● அந்த ஊசி பெரியவர்களைக் காக்கிறதா என்று சோதித்த உலகின் மிகப் பெரிய ஆய்வு 1968-ல் செங்கல்பட்டு மாவட்டத்தில் தொடங்கியது. லட்சக்கணக்கானவர்கள் பங்கெடுத்தார்கள். நுரையீரல் காசநோயிலிருந்து பெரியவர்களை அது காக்கவில்லை என்பதே 1979-ல் வந்த முடிவு. உலகமே ஏமாந்துபோனது. ஆனால், பச்சைக் குழந்தைகளுக்கு வரும் மூளைக் காய்ச்சல் வகைக் காசநோயை பி.சி.ஜி. தடுக்கிறது. அதனால்தான் பிறந்த குழந்தைக்கு இன்றும் கையில் அந்த ஊசி. நல்ல செய்தி வராத ஆய்வையும் மறைக்காமல் வெளியிட்டார்களே, அந்த நேர்மைக்காகவே செங்கல்பட்டு கிராம மக்களை மருத்துவ உலகம் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

● இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பதை முதலில் கண்டுபிடித்தது சென்னை மருத்துவக் கல்லூரி. பேராசிரியர் சுனிதி சாலமன் தந்த தலைப்பை எடுத்துக்கொண்டு மாணவி செல்லப்பன் நிர்மலா எண்பதுக்கும் மேற்பட்டவர்களிடம் ரத்த மாதிரி சேகரித்தார். மயிலாப்பூரில் பாலியல் தொழிலாளிகளை வைத்திருந்த காப்பகத்துக்குக் கணவர் ஸ்கூட்டரில் கொண்டுபோய் விடுவார். எடுத்த ரத்தத்தை வீட்டு ஃபிரிட்ஜில் வைத்துக் காத்தார்கள். 1986 பிப்ரவரியில் வேலூர் சி.எம்.சி. ஆய்வகத்தில் சோதித்தபோது ஆறு மாதிரிகளில் கிருமி தெரிந்தது. பிறகு அமெரிக்காவிலும் சோதித்து உறுதி செய்தார்கள். அப்போதைய சுகாதார அமைச்சர் எச்.வி. ஹண்டே சட்டமன்றத்தில் அறிவித்தார். ‘நம் ஊரிலா, இருக்கவே இருக்காது’ என்று அதுவரை சொல்லிக்கொண்டிருந்தவர்கள் வாயடைத்துப் போனார்கள்.

● மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் என்ற அமைப்பை நாட்டிலேயே முதலில் தொடங்கியது தமிழ்நாடு. ஆண்டு 1994.

● ‘புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?’ இந்தச் சுவர் விளம்பரத்தை மறந்த தமிழர் குறைவு. பேருந்து, டீக்கடை, சினிமா தியேட்டர் என்று எங்கும் பேச்சு அதுதான். புள்ளிராஜா யார் என்று ஊரே கேட்டுக்கொண்டது. அதை வெளியிட்டது, அமெரிக்க அரசின் யு.எஸ்.எய்டு பணத்தில் 1995 முதல் வி.எச்.எஸ். என்ற சென்னைத் தொண்டு மருத்துவமனை நடத்திய எய்ட்ஸ் தடுப்புத் திட்டம். பெண்கள் அமைப்புகள் சில கடுமையாக எதிர்த்தன; எதிர்ப்பில் நியாயமும் இருந்தது. ஆனாலும் ஆணுறை என்ற சொல்லைக் கூச்சமில்லாமல் கடையில் சொல்லும் தைரியம் பலருக்கு அந்த நாட்களில்தான் வந்தது.

● அதே திட்டம் குறிவைத்த இன்னொரு கூட்டம் லாரி ஓட்டுநர்கள். வாரக்கணக்கில் வீட்டை விட்டு நெடுஞ்சாலையில் வாழ்பவர்கள். சென்னை–திருச்சி சாலையும் சேலம் சாலையும் சேரும் உளுந்தூர்பேட்டையில் இரவு நின்று பாருங்கள், ஏன் அவர்களைத் தேடிப் போனார்கள் என்பது விளங்கும்.

● உளுந்தூர்பேட்டைக்குப் பக்கத்தில்தான் கூவாகம். முன்பு விழுப்புரம் மாவட்டம்; 2019 நவம்பரில் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானதிலிருந்து இங்கே. சித்திரையில் கூத்தாண்டவர் கோயில் திருவிழாவுக்கு நாடு முழுவதிலிருந்தும் திருநங்கைகள் வருகிறார்கள். கூத்தாண்டவரான அரவானுக்கு மனைவியாகித் தாலி கட்டிக்கொள்வதும், மறுநாள் தாலி அறுத்து அழுவதும் எல்லோரும் அறிந்தது. வெளியில் அதிகம் பேசப்படாதது ஒன்று உண்டு. எய்ட்ஸ் விழிப்புணர்வு இயக்கத்துக்குத் தமிழ்நாட்டில் மிகப் பெரிய மேடைகளில் ஒன்று இந்தத் திருவிழாதான். பரிசோதனை, ஆணுறை, ஆலோசனை எல்லாம் திருவிழாவுக்குள்ளேயே நடக்கும்.

2010 முதல் 2015 வரை எய்ட்ஸ், காசநோய், மலேரியாவை எதிர்க்கும் பன்னாட்டு நிதியமான குளோபல் ஃபண்டு ‘பெஹ்சான்’ என்ற பெயரில் ஒரு திட்டத்துக்குப் பணம் தந்தது. திருநங்கைகளும் தன்பாலின ஈர்ப்புள்ள ஆண்களும் தங்கள் அமைப்புகளைத் தாங்களே நடத்தக் கற்றுக்கொடுப்பது நோக்கம். அதில் பங்கெடுத்த அமைப்புகளில் ஒன்று சென்னையின் சியாப். மருந்துக்கும் கருவிக்கும் மட்டும் அல்லாமல், ஒதுக்கப்பட்டவர்கள் ஒன்றுகூடி உட்கார்ந்து பேச ஓர் அறைக்கு வாடகை கொடுத்ததும் மருத்துவ உதவிதான். அதைப் புரிந்துகொண்டு பணம் கொடுத்தவர்களை நான் மனமாரப் பாராட்டுகிறேன்.

● திருநங்கையர் நல வாரியத்தை இந்தியாவிலேயே முதலில் அமைத்தது தமிழ்நாடு, 2008 ஏப்ரலில். ஏப்ரல் 15 திருநங்கையர் நாள்.

● 2001 பிப்ரவரி வரை, எச்.ஐ.வி.க்கான மூன்று மருந்துக் கூட்டுச் சிகிச்சைக்கு ஓர் ஆளுக்கு ஆண்டுக்குப் பத்தாயிரம் டாலருக்கு மேல். அந்த மாதம் மும்பையின் சிப்லா நிறுவனம் 350 டாலருக்குத் தருகிறேன் என்று எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பிடம் சொன்னது. நாளுக்கு ஒரு டாலருக்கும் குறைவு. ஆப்பிரிக்காவில் சாவை எண்ணிக்கொண்டிருந்த நாடுகள் மருந்தை எண்ணத் தொடங்கியது அதன் பிறகு. இன்று குளோபல் ஃபண்டு வாங்கும் முதன்மையான எச்.ஐ.வி. மாத்திரை ஓர் ஆளுக்கு ஆண்டுக்கு 45 டாலருக்குள் அடங்கிவிடுகிறது.

● பிரான்சில் விமானம் ஏறியவர்களின் டிக்கெட்டிலிருந்து ஒரு சிறு தொகை பல ஆண்டுகள் ஏழை நாடுகளின் எச்.ஐ.வி., காசநோய், மலேரியா மருந்துக்குப் போனது. 2006-ல் பிரான்ஸ், பிரேசில், சிலி, நார்வே, பிரிட்டன் ஐந்தும் சேர்ந்து யுனிட்எய்டு என்ற அமைப்பைத் தொடங்கியபோது வந்த ஏற்பாடு இது.

● மலிவு மருந்தின் தலைவிதி ஒருமுறை சென்னை உயர் நீதிமன்றத்தில் முடிவானது. ஸ்விட்சர்லாந்தின் நோவார்ட்டிஸ் நிறுவனம் ஒரு புற்றுநோய் மருந்துக்குக் காப்புரிமை கேட்டது. சென்னைக் காப்புரிமை அலுவலகம் 2006-ல் மறுத்தது. பழைய மருந்தைச் சற்றே மாற்றிப் புதிது என்று காப்புரிமை கேட்பதைத் தடுக்கும் 3(டி) பிரிவே செல்லாது என்று நிறுவனம் வழக்குப் போட்டது. 2007 ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் அந்த வாதத்தைத் தள்ளியது; 2013-ல் காப்புரிமை கோரிக்கையை உச்ச நீதிமன்றமும் தள்ளியது. வழக்கு புற்றுநோய் மருந்தைப் பற்றியது. கவலையோடு பார்த்துக்கொண்டிருந்தவர்களில் ஆப்பிரிக்காவின் எச்.ஐ.வி. நோயாளிகளும் உண்டு.

● அதே 3(டி) பிரிவு 2023-ல் காசநோயாளிகளுக்குக் கைகொடுத்தது. மருந்துக்கு அடங்காத காசநோய்க்குப் பெடாகுயிலின் என்ற மாத்திரை இருக்கிறது. அதன் காப்புரிமையை நீட்டிக்க அமெரிக்க நிறுவனம் கேட்டபோது ஆட்சேபம் தெரிவித்தவர்கள் இரண்டு பெண்கள்: மும்பையின் நந்திதா வெங்கடேசன், தென்னாப்பிரிக்காவின் ஃபுமேசா டிசிலே. இருவரும் காசநோயிலிருந்து மீண்டவர்கள். பழைய ஊசி மருந்தின் பக்க விளைவால் இருவருமே காது கேட்கும் திறனை இழந்தவர்கள். அந்த ஊசி இனி யாருக்கும் வேண்டாம் என்பதற்காகப் போராடினார்கள். மார்ச்சில் காப்புரிமை அலுவலகம் அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது.

● எச்.ஐ.வி. கூட்டு மருந்தை அரசு இலவசமாகத் தரத் தொடங்கிய நாள் 2004 ஏப்ரல் 1. நாடு முழுவதும் எட்டே மருத்துவமனைகள். அவற்றில் ஒன்று தாம்பரம் சானடோரியம். கல்வராயன் மலையில் ஒருவருக்கு அந்த மாத்திரை வேண்டும் என்றால் அன்று தாம்பரம் வரை வந்தாக வேண்டும். இப்போது பரிசோதனைக்கு நம்பிக்கை மையங்களும், மாத்திரைக்கு ஏ.ஆர்.டி. மையங்களும் மாவட்டந்தோறும் இருக்கின்றன.

● ‘மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டால் கணவனிடமிருந்து மனைவிக்கு எச்.ஐ.வி. தொற்றாது’ என்று ஆலோசகர்கள் இன்று உறுதியாகச் சொல்கிறார்கள். அந்த உறுதியைத் தந்த ஆய்வு ஒன்பது நாடுகளில் 1,763 தம்பதிகளிடம் நடந்தது. பணம் அமெரிக்க அரசினுடையது. ஆய்வு நடந்த இடங்களில் ஒன்று, சுனிதி சாலமன் 1993-ல் சென்னையில் தொடங்கிய ஒய்.ஆர்.ஜி. கேர். சீக்கிரமே மருந்து தொடங்கினால் துணைக்குத் தொற்றுவது 96 சதவீதம் குறைகிறது என்று 2011-ல் தெரிந்தது.

● எச்.ஐ.வி. உள்ளவருக்குக் காசநோய் வரும் ஆபத்து மற்றவர்களைவிடப் பத்து மடங்குக்கும் மேல். உலக அளவில் எச்.ஐ.வி.யோடு வாழ்பவர்களைக் கொல்லும் நோய்களில் முதலிடம் காசநோய்க்கு. அதனால்தான் காசநோய் கண்டால் எச்.ஐ.வி. பரிசோதனையும், எச்.ஐ.வி. கண்டால் இருமல், காய்ச்சல், எடை குறைவு, இரவில் வேர்வை உண்டா என்ற நான்கு கேள்விகளும். ஒரு நோயை மட்டும் பார்த்து அனுப்பிவிட்டால் மற்றது உயிரை எடுத்துவிடும்.

● இந்தியா குளோபல் ஃபண்டிடம் பணம் வாங்கும் நாடு மட்டும் அல்ல, கொடுக்கும் நாடும்கூட. 2019-ல் 2.2 கோடி டாலர் தருவதாகச் சொன்னது. தேசிய எய்ட்ஸ் திட்டத்தின் முதல் கட்டம் 1992-ல் உலக வங்கியின் 8.4 கோடி டாலர் கடனில் தொடங்கியது. 2021 முதல் 2026 வரையிலான ஐந்தாம் கட்டத்துக்கு 15,471.94 கோடி ரூபாயை மத்திய அரசு ஒதுக்கியது.

● 2025 ஜனவரியில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை நிறுத்தி வைத்தது. ஜூலையில் யு.எஸ்.எய்டு என்ற அமைப்பே மூடப்பட்டது. மலாவி, மொசாம்பிக் போன்ற நாடுகளில் பல கிளினிக்குகளின் சம்பளமே அந்தப் பணமாகத்தான் இருந்தது. நம் நாட்டில் மருந்து அரசுப் பணத்தில் வருவதால் ஏ.ஆர்.டி. மையங்கள் தப்பித்தன. ஆனால் ஹைதராபாத், புனே, கல்யாண் நகரங்களில் திருநங்கைகளுக்கென நடந்த மித்ர் கிளினிக்குகள் சில நாட்களிலேயே மூடப்பட்டன. மருந்தை விட்டுக்கொடுக்காத அரசுகள், மனிதர்களை மரியாதையோடு நடத்தும் இடங்களை மட்டும் வெளியார் பணத்துக்கு விட்டுவைத்திருந்தன. இது எனக்குப் பொறுக்கவில்லை. கூவாகத்துக்கு வருபவர்களுக்கு அடுத்த நாளும், அடுத்த மாதமும் ஒரு மருத்துவமனை வேண்டும்.

● பழங்குடி கிராமங்களில் காசநோய் எவ்வளவு? 17 மாநிலங்களில் நடந்த ஆய்வில் லட்சம் பேருக்கு 432 என்று வந்தது. நாடு முழுவதற்குமான கணக்கெடுப்பில் வந்தது 316. இடைவெளியை உண்டாக்குவது ரத்தமோ இனமோ அல்ல. அரைவயிறு, அடுப்புப் புகை நிறைந்த வீடு, தூரத்து மருத்துவமனை, சாராயம். குடிப்பழக்கத்துக்கு அடிமையானவருக்குக் காசநோய் ஆபத்து மூன்று மடங்கு ஏறுகிறது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சிக் கருணாபுரத்தில் விஷச் சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்ற பிறகு, கல்வராயன் மலை மக்களின் வாழ்க்கை நிலையைச் சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே வழக்காக எடுத்துக்கொண்டது. சாலைகூட இல்லாத ஊர்களின் கதை அந்த விசாரணைகளில்தான் வெளியே வந்தது.

● பழங்குடிப் பகுதிக் காசநோயாளிக்குப் பயணச் செலவுக்கென்றே 750 ரூபாய் தர அரசுத் திட்டத்தில் இடம் இருக்கிறது. கச்சிராயபாளையத்திலிருந்து கோமுகி அணை, பரிகம், மாவடிப்பட்டு வழியாகக் கல்வராயன் மலைமேல் உள்ள வெள்ளிமலைக்குப் பேருந்து ஏறிய அனுபவம் உள்ளவருக்கு அந்தத் தொகையின் அருமை தெரியும், போதாமையும் தெரியும். ஒரு நாள் மருத்துவமனைக்குப் போய் வந்தால் கூலி ஒன்று போகிறது. துணைக்கு வந்தவரின் கூலியும் சேர்ந்து போகிறது.

● சளிச் சோதனைக்கு இப்போது ஜெனிவாவும் அமெரிக்காவும் கொண்டாடும் கருவிகளில் ஒன்று கோவாவில் செய்தது. பெயர் ட்ரூநாட். பேட்டரியில் ஓடும், குளிர்சாதன அறை வேண்டாம். மின்சாரம் போய்ப் போய் வரும் மலை ஊர்களுக்கு இது எவ்வளவு பொருத்தம் என்று சொல்லத் தேவையில்லை. 2020-ல் உலக சுகாதார நிறுவனம் ஒப்புதல் தந்தது.

● மறுபடியும் சேத்துப்பட்டுக்கு வருவோம். நல்ல சாப்பாடு இல்லாமலும் மாத்திரையால் நோய் தீரும் என்று 1959-ல் தெரிந்தது அல்லவா? அதைப் பிடித்துக்கொண்டு பல பத்தாண்டுகள் உலகத் திட்டங்கள் எல்லாம் மருந்தை மட்டுமே அனுப்பின. சாப்பாடு நோயாளியின் சொந்தப் பாடு என்று விட்டுவிட்டார்கள். ஆய்வு அப்படிச் சொல்லவே இல்லை. கிருமியைக் கொல்ல மருந்து போதும் என்றது. மனிதன் பிழைக்கவும் வீட்டில் மற்றவர்களுக்கு நோய் வராமல் இருக்கவும் சாப்பாடு வேண்டாம் என்று அது எங்கேயும் சொல்லவில்லை.

விட்டுப்போன பாதியை ஜார்க்கண்டில் 2019 முதல் 2022 வரை நடந்த ஆய்வு நிரப்பியது. 2,800 நோயாளிகளுக்கு மாதாமாதம் அரிசி, பருப்பு, பால் பவுடர், எண்ணெய் அடங்கிய பை. பாதிக் குடும்பங்களில் வீட்டில் உள்ள மற்றவர்களுக்கும் அரிசி, பருப்பு. அந்த வீடுகளில் புதிதாகக் காசநோய் வருவது சுமார் 40 சதவீதம் குறைந்தது. நோயாளிகளில், முதல் இரண்டு மாதத்தில் உடல் எடை 5 சதவீதம் ஏறியவர்களுக்குச் சாகும் ஆபத்து 61 சதவீதம் குறைவு. ஊசியும் இல்லை, புது மருந்தும் இல்லை. அரிசியும் பருப்பும்! சாமையும் கேழ்வரகும் விளைந்த மலையில் மரவள்ளி மட்டுமே பரவிவிட்ட வயல்களை நினைத்துக்கொண்டு இந்த எண்களைப் படித்தேன். காசநோயாளிக்கு அரசு தரும் ஊட்டச்சத்துத் தொகை 2018-ல் மாதம் 500 ரூபாய். 2024 நவம்பரிலிருந்து 1,000. அது வங்கிக் கணக்குக்கு வந்தால்தான் உண்டு. கணக்கே இல்லாதவர் மலையில்தான் அதிகம். பணத்தோடு பருப்பையும் ரேஷன் கடையிலேயே கொடுக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

● ஒருநாள் விட்டு ஒருநாள் மாத்திரை என்ற முறைக்கு உலகில் வழிகாட்டிய ஊர்களில் ஒன்று சென்னை. எச்.ஐ.வி.யும் காசநோயும் சேர்ந்து இருப்பவர்களுக்கு அது போதாது, தினமும் வேண்டும் என்று பின்னர் நிரூபித்ததும் அதே சேத்துப்பட்டு நிறுவனம்தான். 2017 முதல் நாடு முழுவதும் எல்லோருக்கும் தினசரி மாத்திரை.

● 2022 ஏப்ரலில் தமிழ்நாட்டில் ஒரு திட்டம் தொடங்கியது: காசநோய் இறப்பில்லாத் திட்டம். சென்னையில் உள்ள தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம் வகுத்துக் கொடுத்தது. காசநோயால் சாகிறவர்களில் பெரும்பாலானவர்கள் முதல் இரண்டு மாதத்துக்குள் சாகிறார்கள். அதுவும் மருந்து தொடங்கிய பிறகு. ஆகவே நோய் கண்டறிந்த உடனேயே ஐந்து விஷயங்கள் பார்க்கிறார்கள். உயரத்துக்கேற்ற எடை இருக்கிறதா? கால் வீங்கியிருக்கிறதா? மூச்சு நிமிடத்துக்கு எத்தனை? ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு? பிடிமானம் இல்லாமல் எழுந்து நிற்க முடிகிறதா? இவற்றில் தவறினால் மாத்திரையைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பக் கூடாது. மருத்துவமனையில் சேர்க்க வேண்டும். எடை இயந்திரமும் விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவியும் இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தின் செவிலியரே பார்த்துவிடலாம். இதே விவரங்களை உள்ளிட்டால் உயிருக்கு ஆபத்து எத்தனை சதவீதம் என்று சொல்லும் செயலியும் 2025-ல் சேர்ந்தது.

டாலர் தேவைப்படாத இந்தத் திட்டத்தை வேறு மாநிலங்களும் வேறு நாடுகளும் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் சோதனையில் தவறியவரை மலையிலிருந்து இறக்க வாகனம் வேண்டும். டோலி கட்டித் தூக்கி வரும் ஊர்களில் அந்த ஐந்து கேள்விக்கும் ஆறாவதாக ஒன்று சேர்கிறது: சாலை இருக்கிறதா?

● கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரி 12-ல் திறந்துவைக்கப்பட்டது, சிறுவங்கூரில். படுக்கைக்குச் சேலம், முண்டியம்பாக்கம், புதுச்சேரி என்று ஓடிய குடும்பங்களுக்கு அலைச்சல் குறைந்தது.

● சென்னையின் ரீச் அமைப்பு 1999-ல் தொடங்கியது. காசநோயிலிருந்து மீண்டவர்களையே பயிற்சி கொடுத்து, இப்போது மருந்து சாப்பிடுபவர்களுக்குத் துணையாக அனுப்புகிறது. இதற்கும் யு.எஸ்.எய்டு ஒரு காலத்தில் பணம் கொடுத்தது. ‘எனக்கும் வந்தது, தீர்ந்தது’ என்று ஒருவர் எதிரில் உட்கார்ந்து சொன்னால், பாதியில் மருந்தை விடுபவர் விட மாட்டார்.

● வீட்டில் ஒருவருக்குக் காசநோய் என்றால் மற்றவர்களுக்குத் தடுப்பு மாத்திரை உண்டு. ஆறு மாதம் தினமும் சாப்பிடுவது பழைய முறை. புதிய முறையில் வாரம் ஒரு வேளை, பன்னிரண்டு வாரம், அவ்வளவுதான். அதற்கான ரிஃபபென்டின் மருந்து 2019 வரை ஓர் ஆளுக்கு 45 டாலர். யுனிட்எய்டும் குளோபல் ஃபண்டும் பேரம் பேசி 15 டாலருக்கு இறக்கின. காபித் தோட்டத்துக்கும் மிளகு பறிக்கவும் கேரளம், கர்நாடகம் என்று மலைக் குடும்பங்கள் பருவத்துக்குப் பருவம் கிளம்பிவிடுகின்றன. ஆறு மாதம் ஒரே ஊரில் இருங்கள் என்று அவர்களிடம் சொல்ல முடியாது. பன்னிரண்டு வாரம் என்றால், அவர்கள் மலை இறங்கும் முன்பே முடித்துவிடலாம்.